பன்னிரண்டு வோல்ட் தமயந்தி

தமயந்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வருவதாவது! போனால்தானே வருவதற்கு? காலையில் கண் விழிக்கிறபோதே அதுவும் கூடவே எழுந்து உட்கார்ந்துவிடும். பால் பாக்கெட் ஒழுகினால் பால்காரனுக்கு அர்ச்சனை. பஸ் நிற்காமல் போனால் டிரைவரின் பரம்பரைக்கே அர்ச்சனை. வங்காளத்தில், பெஹாலாவில் அவள் குடியிருக்கிற சந்தில் அவள் குரலைக் கேட்டுத்தான் மணி எட்டு என்று தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. கட்டின புருஷன் சிவராஜ் மட்டும் அசையமாட்டான். மெட்ரோ ரயிலில் வேலை அவனுக்கு. அந்தச் சத்தத்துக்கு இது தேவலை என்பான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குரலில்தான் அவள் பிழைப்பே ஓடியது. அப்பா கலியன் கார்டன் ரீச்சில் ரயில்வே கலாசி. குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அப்புறம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வயரிங் வேலை. பொம்பளை மெதுவாகச் சொன்னால் அங்கே எவன் காதில் ஏறும்? ப்யூஸில் கை வைக்காதே என்று நல்லவிதமாகச் சொன்னாள், சிரித்தார்கள். கத்திச் சொன்னாள், கையை எடுத்தார்கள். அன்றையிலிருந்து கத்தல்தான். காரிலும் படகிலும் ஓடுவது அதே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பதால் பிற்பாடு படகு வேலைக்கு வந்தாள். கங்கைக் கரையில் பாய்மரப் படகு வைத்திருக்கிற பத்துப் பதினைந்து பேருக்கும் இன்றைக்கு அவள்தான் எலக்ட்ரீஷியன். முதுகுக்குப் பின்னால் 'பன்னிரண்டு வோல்ட் தீதி', அதாவது அக்கா, என்று பெயர். ஷாக் என்னவோ இருநூற்று முப்பதுக்குக் குறையாது என்று கேலி வேறு.

அந்த ஜனவரி காலையில் போன் செய்தவர் ஸ்ரீனிவாசராகவன். மூன்று தலைமுறையாக பாலிகஞ்சில் இருக்கிற குடும்பம். பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். 'சுபர்ணா' என்கிற பாய்மரப் படகு அவருடையது.

"தமயந்தி, மறுபடியும் போயிடுத்தும்மா. நாலு சாக்கெட்டும். போன் சார்ஜ் ஏறமாட்டேங்கறது, வயர்லெஸ் செட் ஏறமாட்டேங்கறது. நீ சரி பண்ணிக் கொடுத்து முழுசா ஒரு மாசம் ஆகலை."

"என்ன சார் சொல்றீங்க? ஜாயின்ட் பூரா புதுசா போட்டுக் குடுத்தேனே!"

"எனக்கு ஒரு சந்தேகம். நிமாய் வேலையா இருக்குமோ? நிறுத்தின ஆத்திரத்துல வந்து ஏதாவது பண்ணிட்டுப் போறானோ என்னவோ. பக்கத்துப் படகுகள்ள கழுவறேன் துடைக்கறேன்னு இன்னும் இங்கேதான் சுத்திண்டிருக்கான். சாயங்காலம் படகு வெச்சிருக்கறவா கமிட்டி கூடறது. அவன் இந்தப் படகு ஜெட்டிக்கே வரக் கூடாதுன்னு எழுதி வாங்கிடப் போறேன். நீ வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா போறும்."

"ஒரு வார்த்தை என்ன சார், ஒம்பது வார்த்தை சொல்றேன். வந்துட்டேன்" என்று போனை வைத்தாள். இரும்புப் பெட்டியை எடுத்த வேகத்தில் அது கதவு நிலையில் இடித்து, அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

நிமாய் ஹால்தார் அந்தப் படகைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர். ஐம்பத்தைந்து வயசு. பாய் தைப்பது, கயிறு மாற்றுவது, ஆற்றின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கட்டுக் கயிற்றை இறுக்கித் தளர்த்துவது, எல்லாம் அவர்தான். தமயந்தி அவரை வாய் நிறைய நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணா, என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். போன டிசம்பர் வரைக்கும்.

டிசம்பரில் நடந்தது இதுதான். ஸ்ரீனிவாசராகவனும் நிமாயும் டயமண்ட் ஹார்பர் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறபோது பனி இறங்கிவிட்டது. நாலடி தள்ளி இருக்கிற பாய் தெரியவில்லை. வழி காட்டுகிற போன் அணைந்துபோயிற்று. கப்பல்காரர்களோடு பேசுகிற கையடக்க வயர்லெஸ் செட்டும் செத்துக் கிடந்தது. இரண்டும் ராத்திரி முழுக்க சாக்கெட்டில் சொருகித்தான் இருந்தன, சார்ஜ் ஏறவே இல்லை. எதிரே சரக்குக் கப்பலின் ஊதல் மட்டும் கேட்கிறது. நிமாய் சோறு வடிக்கிற டேக்சாவைக் கவிழ்த்துக் கரண்டியால் அடித்து அடித்துச் சத்தம் எழுப்பி, படகைக் கரைப் பக்கம் ஒதுக்கினார். கப்பல் பக்கத்தில் போன அலையில் படகு சாய்ந்து, ஸ்ரீனிவாசராகவனின் மூக்குக் கண்ணாடி ஆற்றோடு போயிற்று. உயிர் தங்கியது.

மறுநாள் தமயந்தி வந்து ப்யூஸ் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். அடித்ததுதான் தாமதம், ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நாலு சாக்கெட்டுக்கும் போகிற மெயின் வயரைச் சுரண்டி, அதில் இன்னொரு வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தது. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்கு நிமாய் சீரியல் லைட் போட்டபோது எடுத்த கனெக்‌ஷன். லைட்டைக் கழற்றியவர் அந்த முறுக்கை அப்படியே விட்டுவிட்டார்.

படகிலிருந்து ஜெட்டிக்கு ஏறி வந்து ஆரம்பித்தாள். பத்துப் பேர் இருந்தார்கள். படகுக்காரர்கள், கூலிகள், டீ கொண்டு வருகிறவன். நிமாய்தா என்று கூப்பிட்ட வாயால் 'நீ, வா, போ' என்று வங்காளத்தில் பிடிபிடியென்று பிடித்தாள். "உன் சீரியல் லைட்டுக்கு ரெண்டு உயிர் போயிருக்கும்! முறுக்கி டேப் ஒட்டினா அது ஜாயின்ட்டா? உன் மூஞ்சி! உனக்குப் படகு ஒரு கேடா?" நிமாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் விட்டால்தானே. அவர் தோளில் கிடந்த கம்சாத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பனியில் டேக்சா அடித்துக் காப்பாற்றியவர் யார் என்பது அந்தச் சத்தத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஸ்ரீனிவாசராகவன் அங்கேயே, அப்போதே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தமயந்தி முறுக்கை வெட்டி எறிந்து, ஈயம் பூசின வயர் போட்டு, முனையை நசுக்கிப் பிடிக்கிற க்ரிம்ப் அடித்து, புது ஜாயின்ட் போட்டாள். சார்ஜரைச் சொருகிப் பார்த்தாள், எரிந்தது. நான் சொன்னேன் பாருங்க என்று பெட்டியை மூடினாள்.

இப்போது மறுபடியும் போய்விட்டதாம். யாருக்குத்தான் எரியாது?

ஜெட்டியில் இறங்கும்போதே நிமாய் கண்ணில் பட்டார். இரண்டு படகு தள்ளி, யாருடைய படகையோ வாளித் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். இரு, இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு 'சுபர்ணா'வில் இறங்கினாள். மேல்தளத்தில் மடக்கு நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீனிவாசராகவனிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

முதல் வேலையாகப் ப்யூஸ் பலகையைத் திறந்து தன் ஜாயின்ட்டைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு கீறல் கிடையாது, எவனும் தொட்ட அடையாளமே கிடையாது. அது ஒரு ஏமாற்றமாகத்தான் இருந்தது அவளுக்கு. தொட்டிருந்தால் எவ்வளவு சுலபம்!

"என்னம்மா, அவன்தானே?" என்று மேலே இருந்து குரல் வந்தது.

"இருங்க சார், பாக்கறேன்."

மல்டிமீட்டரை எடுத்தாள். சாக்கெட் என்றால் வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி இல்லை. காரில் சிகரெட் லைட்டர் சொருக ஒரு குழி இருக்குமே, அந்த மாதிரி. குழியின் அடியில் ஒரு பொத்தான், அது ப்ளஸ். சுற்றிலும் இருக்கிற உலோகக் குழாய் மைனஸ். மேலே தண்ணீர் தெறிக்காமல் ரப்பர் மூடி. மீட்டரின் கம்பி முனையைக் குழிக்குள் விட்டால் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. நாலிலும் அப்படியே. அட கிரகசாரமே! வோல்ட் முழுசாக இருக்கிறது, சார்ஜ் மட்டும் ஏறாதாம்!

இப்படி வெறுமனே அளந்தால் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஏதாவது ஒன்றை எரியவிட்டு, சுமை ஏற்றி, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டு வரவேண்டும். வோல்ட் எங்கே விழுகிறதோ அங்கேதான் கோளாறு. இருபது வருஷமாக அவள் செய்கிற வழி. டிசம்பரில் மட்டும் அதைச் செய்யவில்லை. முறுக்கைப் பார்த்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் விடை கிடைத்துவிட்டதாக நினைத்தாள்.

பெட்டியிலிருந்து கார் ஹெட்லைட் பல்பை எடுத்தாள். அதற்கு அவளே ஒரு பிளக் கோத்து வைத்திருந்தாள். சொருகியதும் சோகை பிடித்த மாதிரி மஞ்சளாக எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தாள். பேட்டரியில் பன்னிரண்டரை. ப்யூஸ் பலகையில் பன்னிரண்டு புள்ளி நாலு. டிசம்பரில் போட்ட ஜாயின்ட்டைத் தாண்டியும் அதே. சாக்கெட்டின் முதுகில், வயர் வந்து முடிகிற இடத்தில், பன்னிரண்டு புள்ளி மூன்று. சொருகின பல்பின் முனையில் ஒன்பது.

மறுபடி அளந்தாள். ஒன்பது. சாக்கெட்டின் முதுகுக்கும் வாய்க்கும் நடுவில், இரண்டு அங்குலத்தில், மூன்று வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது.

அப்படியானால் வயரில் எதுவுமே இல்லை. முறுக்கிலும் இருந்திருக்காது. அசிங்கமான ஜாயின்ட்தான், வைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் பனியில் போன் செத்தது அதனால் இல்லை. டிசம்பரில் அவள் சார்ஜரை நாலைந்து தடவை சொருகிச் சொருகி எடுத்ததில் உள்ளே இருந்த எதுவோ கொஞ்சம் உரசி விலகி, நாலு நாள் வேலை செய்திருக்கிறது. அவ்வளவுதான்.

"எந்தப் படுபாவி இதுக்குள்ள என்னத்தைக் கொட்டினான்?" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே பின்பக்க வளையத்தைத் திருகி முதல் சாக்கெட்டைக் கழற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

குழியின் அடியிலும் பக்கத்திலும் பழுப்பு நிறத்தில் ஏதோ காய்ந்து அப்பிக் கிடந்தது. ஓரமெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பு. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டி உள்ளங்கையில் தட்டினாள். விரலால் நசுக்கினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள்.

சந்தனம்.

இந்தப் படகில் சந்தனம் கொண்டு வந்தது யார்? நிமாய் வீட்டுப் பூஜையில் சிந்தூரம் உண்டு, பூ உண்டு. விஸ்வகர்மா பூஜை அன்றைக்கு அவர் படகின் மூக்கில் ஒரு செம்பருத்தி மாலை போட்டார், அவ்வளவுதான். மல்டிமீட்டரிலிருந்து கட்டிங் பிளேயர் வரை சந்தனம் குங்குமம் வைப்பது தமயந்தி வீட்டு வழக்கம். ஊரோடு சேர்ந்து விஸ்வகர்மா பூஜையிலும் வைப்பாள், அப்புறம் ஆயுத பூஜையிலும் வைப்பாள். செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வாரத்தில்தான் நாலு சாக்கெட்டையும் புதிதாக மாட்டியிருந்தாள். தான் மாட்டிய சாமான் ஆயிற்றே, அதற்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? விளிம்பில் ரப்பர் மூடி இருந்ததால் பொட்டு நிற்கவில்லை. மோதிர விரலை உள்ளே விட்டாள். என்ன பொருத்தமோ, விரல் அளவுக்குத்தான் அந்தக் குழி. நாலிலும் அழுத்தி வைத்தாள். சொம்பிலிருந்து கங்கைத் தண்ணீரை நாலிலும் தெளித்தாள். ஈரம் காயுமுன்னே ரப்பர் மூடியை அழுத்தி மூடினாள். "பேஷ், பேஷ்" என்று ஸ்ரீனிவாசராகவன் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

ஈரமும் உப்பும் பேட்டரி கரன்ட்டும் மூடின குழிக்குள் மூன்று மாசம் இருந்தால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்கவேண்டும்? கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம் அது.

தமயந்தி அந்தச் சாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. அவள் வாழ்க்கையிலே இப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அறிவு கெட்ட முண்டமே, அறிவு கெட்ட முண்டமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் தீருகிறதா? எழுந்து, முதல் இரண்டு சாக்கெட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மாட்டினாள். பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி வெள்ளையாக எரிந்தது. அணைத்துவிட்டு, சுரண்டின பொடியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

"சார், நிமாய்தா ஒண்ணுமே பண்ணலை. இப்பவும் பண்ணலை, டிசம்பர்லயும் பண்ணலை. சாக்கெட்டுக்குள்ள நான் வெச்ச சந்தனம்தான். நான்தான் சார் பண்ணினேன்."

ஸ்ரீனிவாசராகவன் டீயைக் கீழே வைத்தார். அவள் உள்ளங்கையில் இருந்த பொடியைப் பார்த்தார்.

"சரி. கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டே, அது போறும். கமிட்டில நான் எதுவும் சொல்லலை, விட்டுடறேன். இதை ஊருக்கெல்லாம் சொல்லிண்டு எதுக்கு? நாளைக்கு எவனாவது உன்னை நம்பிப் படகு கொடுப்பானா? நமக்குள்ள இருக்கட்டும்."

"அப்ப நிமாய்தா வேலை?"

"அவனுக்கென்ன, எங்கேயோ பண்ணிண்டுதானே இருக்கான். இப்போ திரும்பிக் கூப்பிட்டா நான் தப்புப் பண்ணினேன்னு ஆயிடும்."

"ஆமா சார், தப்புத்தான் பண்ணினோம்! உங்க உயிரை டேக்சா அடிச்சுக் காப்பாத்தின மனுஷனை என் பேச்சைக் கேட்டுத் தொரத்தினீங்க. எங்கேயோ பண்றாராம்! பதினொரு வருஷம் பாய் தெச்ச கை சார் அது. இன்னைக்கு அடுத்தவன் படகுல பாசி தேய்க்குது. நமக்குள்ளயாம், நமக்குள்ள!" என்று சொல்லிவிட்டு அவர் பதிலுக்கு நிற்காமல் ஜெட்டியில் ஏறினாள்.

நிமாய் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி அந்தப் படகின் பக்கத்தில் போய் நின்றாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள், வங்காளத்தில், மெதுவாக. சாக்கெட்டில் இருந்தது என்ன, அதை வைத்தது யார், வயரில் தப்பே இல்லை என்பது எல்லாம் சொன்னாள். "தப்பு என்னோடது நிமாய்தா. மன்னிச்சுடுங்க."

அவர் திரும்பவில்லை. பிரஷ்ஷை வாளியில் முக்கி எடுத்தார்.

"அன்னைக்கு இவ்வளவு மெதுவாவா பேசினே?" என்றார்.

அவளுக்குச் சுரீரென்றது. தன்னிடம் இப்படி ஒருத்தன் கேட்டிருந்தால் வேறே நாளில் அவன் தொலைந்தான். ஆனால் அவர் கேட்டது நியாயம்தான்.

தமயந்தி ஜெட்டியின் நடுவுக்குப் போனாள். டீக்கடை பெஞ்சில் நாலு பேர், கயிறு சுருட்டிக்கொண்டு மூன்று பேர், படகுகளில் இன்னும் சில பேர். அன்றைக்கு இருந்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தார்கள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! போன மாசம் நிமாய்தாவை இதே எடத்துல நான் திட்டினேன், கேட்டீங்க இல்ல? இப்ப இதையும் கேளுங்க! 'சுபர்ணா'வுல சாக்கெட்டைக் கெடுத்தது நான்! என் கையால கெடுத்தேன்! சந்தனத்தை உள்ள அப்பினது நான்! அளந்து பாக்காம அவர் மேல பழி போட்டதும் நான்தான்! அவர் வேலை போனது என்னாலதான்!"

கயிறு சுருட்டினவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் தட்டினான். ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாக அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நிமாய், நாளையிலேருந்து வந்துடு" என்றார் வங்காளத்தில். "நானும் விசாரிக்காம சொல்லிட்டேன்."

நிமாய் பிரஷ்ஷை வைத்துவிட்டு, கையைக் கம்சாவில் துடைத்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து 'சுபர்ணா'வுக்குப் போடுகிற பலகையின் பக்கத்தில் நின்றார்.

"வரேன் பாபு. ஆனா நான் பாத்துக்கற படகுல இவங்க கால் வைக்கக் கூடாது."

ஜெட்டியே அவள் வாயைப் பார்த்தது. வெடிப்பாள் என்று காத்திருந்தார்கள். அந்தப் படகில் ஒவ்வொரு வயரும் அவள் இழுத்தது. ஒவ்வொரு ப்யூஸும் அவள் போட்டது. கோபம் தொண்டை வரைக்கும் வந்தது, வராமல் என்ன? முழுங்கிக்கொண்டாள்.

"அவர் சொல்றது சரிதான் சார்" என்றாள். "ரெண்டு சாக்கெட் சரி பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. வேற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கங்க. வயர்ல கை வைக்க வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லுங்க."

படகில் கிடந்த பெட்டியையும் மீட்டரையும் எடுக்க இறங்கவேண்டும். கால் வைக்கலாமா என்று அவள் நிமாயைப் பார்த்தாள். அவர் தானே இறங்கிப் போய், பெட்டியை மூடி, கொண்டுவந்து பலகையின் இந்தப் பக்கம் வைத்தார். தமயந்தி அதைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் படியேறிப் போனாள்.